எண்ணெய் திரும்பும் சமையல்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது ஒரு சகோதரர் என்னைக் கேட்டார்: "பாய், நம் கடைக்குப் பர்மாக்காரப் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். வெங்காயம் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள், எண்ணெய் வாங்குகிறார்கள். நம் கறி மசாலாத் தூளை மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே, ஏன்?" நின்றவாறே நான் சொன்ன பதில் அரைகுறையாய்ப் போயிற்று. ஆகையால் அதை ஒழுங்காக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

நான் மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு நின்றவன். பினாங்கில் மளிகைக்கடை வைத்திருப்பவன். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ரங்கூன் சென்று, ஒரு வீட்டில் பத்து நாள் தங்கிக் கண்டதையும், என் நன்னி உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் வாயால் கேட்டதையுமே இங்கே எழுதுகிறேன். 1989 முதல் அந்நாட்டிற்கு மியன்மார் என்றும் ஊருக்கு யாங்கோன் என்றும் பெயர். எங்கள் வீட்டில் பர்மா, ரங்கூன் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

பர்மாவுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தை விரிக்க வேண்டியதில்லை. பினாங்கில் புலாவ் தீக்குஸ் பக்கம் போனால் பர்மா சாலை, மௌல்மீன் சாலை, ரங்கூன் சாலை, மாண்டலே சாலை என்று தெருக்களே சொல்லும். அங்குள்ள பர்மியக் கோயில் 1803-இல் ஏற்பட்டது. நம்மவர்களைப் பினாங்கில் சூலியா என்றதுபோல ரங்கூனிலும் சோலியா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியர் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் கப்பலிலும் கால்நடையிலும் வெளியேறினார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் 1964-இல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டபோது மறுபடியும் மூட்டை கட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமற் போயின.

அப்படிக் கப்பலேறியவர்களில் என் நன்னாவும் நன்னியும் உண்டு. என் அம்மா அப்போது ஆறு வயதுப் பிள்ளை. நன்னியின் தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டவர், அவர் வரவில்லை. சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றது. பர்மாவில் கைத்தொலைபேசி அட்டை 2014-இல் மலிவான பிறகுதான், அந்தத் தங்கையின் மகள், எனக்குச் சாச்சி முறை, எங்களைத் தேடிப் பிடித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2011-இல், நன்னி மௌத்தாகிவிட்டார்கள்.

நன்னி சொன்ன குறை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் "ரங்கூன் கறி" என்று ஒன்று ஆக்குவார்கள். அம்மா ஆக்குவது. கோழியில் கறி மசாலா, கொஞ்சம் தேங்காய்ப்பால், பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு வெகு ருசியாகவே இருக்கும். நன்னி ஒரு வாய் எடுத்துவிட்டு, "எண்ணெய் திரும்பலே" என்பார்கள். ஒவ்வொரு வெள்ளியும் இதே சொல். அம்மாவுக்குக் கோபம் வரும். "இதுக்கு மேல எம்புட்டு எண்ணெய் ஊத்துறது?" என்று கேட்பார்கள். நன்னி பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். வயதாகிவிட்டது, ஏதோ சொல்கிறார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு, நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது ரங்கூனில்தான். அதற்கு முன் பிரயாணத்தைப் பற்றிக் கொஞ்சம்.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னே திருப்ப வேண்டும். இந்த அரை மணிக் கணக்கில் ஏமாந்து முதல் நாள் நான் வக்துக்கு முன்னரே பாங்கு எதிர்பார்த்து நின்றேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர்ச்சியான காலம். மார்ச்சு முதல் வெயில் கொளுத்தும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. ஆகையால் ஆண்டுக் கடைசி விடுமுறை நமக்கு நல்ல தோது.

பார்க்க வேண்டியவை ஊரறிந்தவை. சுலே பகோடாவின் பக்கத்திலேயே பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. டில்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா 1862 நவம்பர் 7-இல் ரங்கூனில் சிறைப்பட்ட நிலையில் காலமானார். அவர் கபுரு இருந்த இடம் மறந்துபோய், 1991-இல் பூமியைத் தோண்டும்போது வெளிப்பட்டது. ஸியாரத் செய்து வந்தோம். 1926-இல் கட்டிய பழைய ஸ்காட் மார்க்கெட், இப்போது போஜோக் சந்தை, சாமான் வாங்குவோருக்கு உரியது. என் மனத்துக்குப் பிடித்தது ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில்தான். முழுச் சுற்று சுமார் 46 கி.மீ., மூன்று மணி நேரம் பிடிக்கும். நாங்கள் பாதியில் டானிங்கோன் என்ற இடத்தில் இறங்கிவிட்டோம். தண்டவாளத்தை ஒட்டியே காய்கறி மொத்தச் சந்தை. கீரைக் கட்டுகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வியாபாரிகள் ரயிலில் தூங்கி வருகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது பகோடாவைவிடப் பார்க்கத் தக்க காட்சி.

முதல் இரவு செய்த பிழை

சாச்சி வீட்டில் முதல் இரவு. தரையில் பாய் விரித்து, முழங்கால் உயரத்தில் ஒரு வட்ட மேசை. நடுவில் சோறு. அதைச் சுற்றிக் கோழி ஆணம் ஒரு சிறு கோப்பை, கீரைச் சாறு ஒரு பெரிய கோப்பை, பச்சையும் அவித்ததுமாகக் காய்கறித் தட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரைசல், பொரித்த இறால் தூள் ஒரு கிண்ணம். எல்லாம் ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். நம் வீடுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவதில்லை. கையால்தான் சாப்பாடு. குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. அந்தச் சாற்றையே இடையிடையே கரண்டியால் அருந்துகிறார்கள்.

நான் பசியோடிருந்தேன். பிஸ்மி சொல்லிக் கோழியில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எதிரே சாச்சியின் மகன்கள் இருவரும் கையை மடியில் வைத்தபடி இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி என் முழங்கையை இடித்தபோதுதான் ஏதோ பிசகென்று தெரிந்தது.

உள்ளறையில் சாச்சியின் மாமியார் படுத்திருந்தார்கள், எண்பது வயதுக்கு மேல். அந்த வீட்டில் முதல் கரண்டிச் சோறும் முதல் துண்டும் அவர்களுக்கு எடுத்து வைத்த பிறகே மற்றவர் கை நீளும். பர்மியர் இதை ஊச்சா என்கிறார்கள். பௌத்தர் வீடுகளிலும் இதே வழக்கம். பெற்றோர் வெளியூரில் இருந்தால்கூட முதல் பிடியை அவர்கள் பேரால் ஒதுக்கி வைத்துவிட்டே சாப்பிடுவார்களாம். நான் வெட்கி, எடுத்த துண்டைத் திருப்பி வைக்கப் போனேன். சாச்சி தடுத்தார். "வேணாம் மவனே, நீ விருந்தாளி, உனக்குத் தெரியாது" என்று சொல்லி, வேறொரு துண்டைக் கிண்ணத்தில் எடுத்து உள்ளே கொண்டுபோனார். பர்மியர் வீட்டில் விருந்துக்குப் போகும் சகோதரர்கள் வீட்டில் மூத்தவர் யாரென்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

மறுநாள் காலை நான் கொண்டுபோன அன்பளிப்பைக் கொடுத்தேன். நம் கடையில் அரைத்த கறி மசாலா இரண்டு கிலோ. மசாலா வியாபாரி வேறென்ன கொண்டுபோவான்! சாச்சி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, "நல்ல வாசம். டான்பௌக் ஆக்கும்போது போடுறேன்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். டான்பௌக் என்பது நம் பிரியாணிதான்; தம் புக்த் என்ற பாரசீகச் சொல் அங்கே அப்படித் திரிந்திருக்கிறது. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் ஆக்குவது. ஆக, என் இரண்டு கிலோ ஓர் ஆண்டுக்குக் காணும் என்று தெரிந்துகொண்டேன்.

எண்ணெய் திரும்புவதாவது

அன்று சாச்சி கோழி ஆக்கும்போது சமையற்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கிலோ கோழிக்கு அவர் எடுத்தது: பெரிய வெங்காயம் கால் கிலோவுக்கு மேல், பூண்டு எட்டுப் பல், பெருவிரல் அளவு இஞ்சி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள் இரண்டு தேக்கரண்டி, மீன் சாறு ஒரு மேசைக்கரண்டி, செரை ஒரு தண்டு, எண்ணெய் முக்கால் கோப்பை. அவ்வளவுதான். மல்லி இல்லை, சீரகம் இல்லை, சோம்பு இல்லை, தேங்காய் இல்லை.

வெங்காயம், பூண்டு, இஞ்சி மூன்றையும் உரலில் இடித்தார். அரைக்கும் இயந்திரம் வீட்டில் இருந்தும் தொடவில்லை. அதில் அரைத்தால் தண்ணீர் விடும், வேலை இரட்டிக்கும் என்றார். எண்ணெய் காய்ந்ததும் மஞ்சளைப் போட்டு, இடித்ததைக் கொட்டினார். முதலில் சலசலவென்று பெரிய சத்தம். பிறகு தீயைக் குறைத்து மூடினார். கால் மணி நேரம் அடிக்கடி கிளறிக்கொண்டே இருந்தார். வெங்காயத்திலுள்ள தண்ணீர் முழுவதும் போக வேண்டும். போகும்வரை வெங்காயம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு, சட்டியில் எண்ணெய் இருப்பதே தெரியாது. தண்ணீர் போனதும் சத்தம் மாறுகிறது. சன்னமான பொரியும் சத்தம். வெங்காயம் சிவந்து ஒன்றாகச் சேர்ந்து, குடித்த எண்ணெயைக் கக்கிவிடுகிறது. அப்போது மிளகாய்த் தூள், பிறகு மீன் சாற்றில் பிரட்டிய கோழி. கோழி தன் நீரிலேயே வெந்து, பின் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, அதுவும் வற்றி மறுபடி எண்ணெய் மேலே வந்து நின்றால்தான் இறக்குவது.

மேலே சிவப்பாகத் தெளிந்து நின்ற எண்ணெயைக் கரண்டியால் காட்டி சாச்சி சொன்னார்: "சீப்யான்."

என்ன அர்த்தமென்று கேட்டேன். அவருடைய தமிழ் கொஞ்சம் தடுமாறும். யோசித்துச் சொன்னார்: "சீ, எண்ணெய். ப்யான், திரும்பி வர்றது. எண்ணெய் திரும்பிடுச்சு."

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. நன்னி எண்ணெய் போதவில்லை என்று குறை சொன்னதில்லை. சமையலின் பெயரையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் தேங்காய்ப்பாலும் நிற்கிற கறியில் எண்ணெய் திரும்ப வழியில்லை. அம்மா ஆக்கியது நல்ல கறிதான்; ரங்கூன் கறி அல்ல. நாங்கள் ஒரு தடவையாவது "திரும்புறதுன்னா என்ன நன்னி?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

அன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "தேங்காப்பால் வேணாமாமா? ஒரு சொட்டுமா?" என்று கேட்டார்கள்.

இவ்வளவு எண்ணெய் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காலையில் ஆக்கிய ஆணத்தை இராத்திரி வரை வைத்துச் சாப்பிடும் வெப்ப நாடு அது. மேலே நிற்கும் எண்ணெய், காற்றும் தூசியும் படாமல் கறிக்கு மூடிபோல் நிற்கிறது. அந்த எண்ணெயை எல்லாம் யாரும் குடிப்பதில்லை; ஒதுக்கிவிட்டுத் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். கறியும் ஒருவருக்கு ஒன்றிரண்டு துண்டுதான். சோறுதான் பிரதானம், யுத்தத்துக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடல்லவா? டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன சகோதரர்கள், சமைத்த பிறகு மேலெண்ணெயை வடித்துவிடலாம். முதலிலேயே குறைத்தால் வெங்காயம் அடிபிடித்துவிடும்; நான் செய்து பார்த்துச் சட்டியைக் கெடுத்தேன்.

மசாலா ஏன் விற்கவில்லை என்ற கேள்விக்கும் இதுவே விடை. நமக்கு ருசி மசாலாவில் ஏறுகிறது. அவர்களுக்கு வெங்காயத்தில் ஏறுகிறது.

புளிப்பும் ஙப்பியும்

எண்ணெய்க் கறிக்கு எதிரிடையாகப் புளிப்புச் சாறு இருந்தே தீரும். அதிகம் ஆக்குவது சின்பவுங் என்ற கீரையில். சந்தையில் அதைக் கண்டதும் என் மனைவி, "இது நம்ம புளிச்சக்கீரைங்க!" என்று கட்டாகவே வாங்கிவிட்டாள். ஆம், அதேதான். சாற்றில் எண்ணெயே இல்லை. கீரை, பூண்டு, காய்ந்த இறால், தண்ணீர். முருங்கைக்காயும் மீனும் போட்டுப் புளிச்சாறு வைப்பதும் உண்டு. எண்ணெய்க் கறி ஒரு வாய், புளிப்பு ஒரு கரண்டி, பச்சைக் காய் ஒரு கடி என்று மாறி மாறிச் சாப்பிடும்போதுதான் அந்தச் சமையலின் கணக்கு புரிகிறது. கறியை மட்டும் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, "பர்மாச் சமையல் ஒரே எண்ணெய்" என்று சொல்வோர் பாதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டவர்கள்.

காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளும் கரைசல் ஙப்பி. மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்க வைத்தது. நாற்றத்தைக் கண்டு முகம் சுளிக்க மலாயாக்காரருக்கு உரிமையில்லை; நம் பெலாச்சானுக்கு அது அண்ணன். மீனும் இறாலும்தான் என்பதால் ஷாஃபி வழியினருக்குச் சங்கடமில்லை. ஹனபி வழியினர் இறால் விஷயத்தில் தம் ஆலிம்களைக் கேட்டு நடக்கவும். மேசையில் நான் கண்ட இறால் தூள் பலச்சாங்: காய்ந்த இறாலை இடித்து, பூண்டு, வெங்காயம், மிளகாயோடு மொறுமொறுவென்று பொரித்தது. ஈரம் படாத போத்தலில் பல வாரம் கெடாது. ஊருக்கு எடுத்துவர ஏற்றது.

காலை உணவு மொஹிங்கா. கெளிற்று மீனை வேகவைத்து முள் எடுத்து, செரை, இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு சேர்த்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துக் கொதிக்கவிட்ட சாற்றை மீஹூன் மேல் ஊற்றி, அவித்த முட்டை, பருப்பு வடை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பினாங்கு லக்சா பழகிய நாக்குக்கு முதல் வாயிலேயே உறவு தெரிந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி நூடுல்ஸ் ஒன்றும் உண்டு, ஒன்னோ கௌஸ்வே என்பது. இதுதான் அம்மாவின் தேங்காய்ப்பாலுக்கு வந்த வழி என்பது என் ஊகம். ஆறு வயதில் தின்ற இரண்டு பண்டங்களை ஒரே சட்டியில் போட்டுவிட்டார்கள்.

நம்மவர் விட்டுவந்த அடையாளங்களும் அங்கே நிறைய. தோசை அங்கே தோஷே. பராட்டா பலாத்தா. சமோசாவைத் துண்டு போட்டு, முட்டைக்கோஸும் புதினாவும் சேர்த்துக் கலக்கித் தருகிறார்கள். கலக்கித் தருவதெல்லாம் அத்தோக். 1960-களில் திரும்பியவர்கள் அந்தச் சொல்லையும் கையோடு கொண்டுவந்துதான், சென்னையில் 1969-இல் உண்டான பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பெயரில் நூடுல்ஸ் விற்றார்கள். இன்னும் விற்கிறார்கள். கடலைப் பருப்புக்கு அங்கே பெயர் கலா பே, இந்தியர் பருப்பு என்று அர்த்தம். அந்த "கலா" என்ற சொல்லை மனிதரைப் பார்த்துச் சொன்னால் வசை. நன்னி பருப்பைக் கடலைப் பருப்பு என்றே சொன்னார்கள், ஒருநாளும் பர்மியப் பெயரைச் சொன்னதில்லை.

வெளியே சாப்பிடுவோர் கவனத்துக்கு

வீட்டில் கவலையில்லை. வெளியே ஜாக்கிரதை வேண்டும். முஸ்லிம் கடைகளில் 786 என்ற எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். 2012, 2013-ஆம் ஆண்டுகளில் இதற்கு எதிராக 969 என்ற எண்ணை ஒட்டி, முஸ்லிம் கடைகளில் வாங்காதீர் என்று ஓர் இயக்கம் நடந்தது. 2013 மார்ச்சில் மெய்க்டிலாவில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அந்த நாட்களிலும் தங்கள் தெருப் பௌத்தக் கிழவி ஒருத்தி தினமும் வந்து உப்பாவது வாங்கிக்கொண்டு போனாள் என்று சாச்சி சொன்னார். வீட்டில் உப்பு இருந்தாலும் வாங்குவாளாம்.

நாலைந்து சொற்களைப் பாடம் செய்துகொள்வது நல்லது. பன்றி இறைச்சி வெத்தா. "வெத்தா ம சா பூ" என்றால் பன்றி உண்பதில்லை என்று பொருள். மாடு அமேதா, ஆடு செய்த்தா, மீன் ஙா. கோழிக்குப் பெயர் செத்தா. இதைக் கேட்டு என் இளைய மகன், "அத்தா, அறுத்ததா, செத்ததா?" என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டான். கேள்வி சரியான கேள்விதான். கோழி என்று சொன்னால் போதாது, யார் அறுத்தது என்று கேட்க வேண்டும். சீனர் முறை நூடுல்ஸ் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்வது வழக்கம். மீன், காய்கறி அத்தோக்கிலும் சிலர் கோழி எண்ணெய் ஊற்றுவார்கள். கோழித்தூள் என்ற ருசித்தூளும் அப்படியே. பொட்டலத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தேயிலையைக் குடிப்பதோடு தின்னவும் செய்கிறவர்கள் பர்மியர். ஷான் மலைகளில் விளையும் கொழுந்தை அவித்துப் புளிக்க வைப்பது லப்பெட். அறை அறையாகப் பிரித்த அரக்குப் பெட்டியில் நடுவே லப்பெட்டும், சுற்றி வறுத்த கடலை, எள், பொரித்த பூண்டு, பருப்பு, இறாலும் வைத்து விருந்தாளிக்கு நீட்டுகிறார்கள். முற்காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் இரு தரப்பாரும் அதை எடுத்துத் தின்றால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாகக் கணக்காம். நம் சங்கத்தில் சில வழக்குகளுக்கு ஒரு பெட்டி வாங்கி வைக்கலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் நடுவில் வரும் திஞ்ஞானில் போனால் கடைகள் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும், தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு. ஆனால் சாப்பாடு இலவசம். வருவோர் போவோர்க்கெல்லாம் உணவு வழங்குவது அவர்கள் தருமம். வெல்லம் வைத்த பசை அரிசி உருண்டைகளைக் கூட்டமாக உட்கார்ந்து செய்வார்கள். சிலவற்றில் வெல்லத்துக்குப் பதில் மிளகாயை வைத்து ஏமாற்றுவதும் உண்டு. நாங்கள் டிசம்பரில் போனதால் இதைக் காணவில்லை. சாச்சி சொல்லக் கேட்டது.

இப்போதைய நிலை

திரும்பி வரும்போது 2021 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அம்மாவை அழைத்து வருவதாகச் சாச்சியிடம் வாக்குக் கொடுத்தேன். முதலில் கொள்ளை நோய் வந்து 2020-இல் வழி அடைபட்டது. 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் நாட்டின் பல பாகங்களில் சண்டை மூண்டது. 2025 மார்ச்சு 28, ரமலானின் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில் 7.7 அளவிலான பூகம்பம் மாண்டலே, ஸகாயிங் பகுதிகளை உலுக்கிப் பல பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேல் இடிந்தன. ரங்கூனில் சாச்சி வீட்டாருக்கு ஒன்றும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆகையால், விடுமுறைக்குப் பர்மா போங்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம். அரசாங்கப் பிரயாண அறிவிப்பைப் பார்த்து, அங்குள்ள உறவினரைக் கேட்டே முடிவு செய்யவும். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பிறந்த ஊரைப் பார்க்கும் எண்ணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; நான் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

ருசி பார்க்க விரும்புவோர்க்குச் சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா பல ஆண்டுகளாகப் பர்மியக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. கோலாலம்பூரில் கோத்தா ராயா வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. எங்கும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவும்.

மளிகைக்கடைச் சகோதரர்களுக்கு என் கடையில் கண்டது: சிறு வெங்காயத்தைவிடப் பெரிய வெங்காயம் அதிகம் போகும், முளைத்தது வாங்க மாட்டார்கள். கடலை மாவு எப்போதும் வேண்டும். ஷான் நாட்டார் அதில்தான் டோஃபு கிண்டுகிறார்கள். காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் நிறத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்வார்கள். காய்ந்த இறால், வறுத்த எள், தோல் நீக்கிய வேர்க்கடலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும். புளிச்சக்கீரை கிடைத்தால் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். லப்பெட் பொட்டலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் முதல் தடவை நான் பன்னிரண்டு பொட்டலத்தைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக் கறியை அம்மா இடித்த வெங்காயத்தில்தான் ஆக்குகிறார்கள். சட்டியின் சத்தம் மாறும் நேரத்தில் தொலைபேசியை அடுப்பருகே பிடிக்கச் சொல்லி, ரங்கூனிலிருந்து சாச்சி கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்கிறார். தேங்காய்ப்பால் போட்ட கறியும் மாதத்துக்கு ஒருமுறை உண்டு. பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.